எட்டுப் பல் பினியன்: ஒரு ஜீப்புக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா, கியர் விகிதமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, ஜார்ஜ்டவுன் ஊரைத் தாண்டியதும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரை ஏறிக்கொண்டே போகிறது. சுரங்கத்தின் கிழக்கு வாசல் 11,013 அடி உயரத்தில் இருக்கிறது. 2018 கோடையில் ஒரு சனிக்கிழமை, அந்த ஏற்றத்தில் நண்பரின் ஜீப்பில் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தியிருந்தார். வேகமுள் 105-லிருந்து 100, 95 என்று இறங்கி 90 கிலோமீட்டரில் வந்து நின்றது. கியர்பாக்ஸ் மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே மாறி மாறித் தடுமாறியது. குடும்பத்தோடு போகிற பழைய வேன் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

“அண்ணே, பேசாம ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டிடலாம்” என்றார். “பொறுங்க தம்பி, முதல்ல கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றேன். அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது, பிறகு வண்டியில் என்ன செய்தோம், எது சரியானது, எது ஆகவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி

2010 ஜீப் ரேங்ளர் அன்லிமிடெட், சஹாரா மாடல். 2007 மாடலாக அறிமுகமான, ஜேகே என்று அழைக்கப்படும் தலைமுறை. இன்ஜின் 3.8 லிட்டர் வி6. 202 குதிரைத்திறன், 4,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4,000 சுற்றில்) 321 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை. கிரைஸ்லரின் மினிவேன்களில் ஓடிய இன்ஜின்தான் இது. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி, பெயர் 42ஆர்எல்இ. அதன் விகிதங்கள் 2.84, 1.57, 1.00, 0.69. முன் ஆக்சில் டேனா 30, பின் ஆக்சில் டேனா 44, இரண்டிலும் கிரவுன் பினியன் விகிதம் 3.73 (பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் 3.73 முறை சுற்றினால் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் டயரும் ஒரு முறை சுற்றும்). முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில், மெல்ல ஊர்வதற்கான லோ விகிதம் 2.72.

கம்பெனியிலிருந்து வந்தபோது அதன் டயர் 32 இஞ்ச் உயரம். நண்பர் அதைக் கழற்றி 35 இஞ்ச் டயர் போட்டிருந்தார். முன்னும் பின்னும் இரும்பு பம்பர், மாட்டிக்கொண்டால் வண்டியை இழுக்கும் வின்ச், அடிப்பாகத் தகடுகள், கூரை ரேக், அதன் மேல் கூடாரம். ஆள் ஏறி, பெட்ரோல் நிரப்பினால் எடை 2,400 கிலோவைத் தாண்டும். வண்டி இழுக்கவில்லை என்று இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன், அதன் தலையில் என்னவெல்லாம் ஏற்றியிருக்கிறோம் என்று பார்ப்பதுதான் நியாயம்.

செலவில்லாமல் கிடைத்த முதல் விடை

கணக்குக்கு உட்காரும் முன்பே ஒன்று கண்ணில் பட்டது. வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் 32 இஞ்ச் டயர்தான் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தது. டயர் சுமார் 9 சதவீதம் பெரிது என்பதால் வேகமுள் குறைத்துக் காட்டியது. அது பரவாயில்லை, கியர் எப்போது மாற வேண்டும் என்பதையும் கம்ப்யூட்டர் அந்தத் தப்பான வேகத்தை வைத்தே முடிவு செய்தது. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ஒரு சின்னக் கருவியால் டயர் அளவைத் திருத்தினோம், பத்து நிமிட வேலை. தடுமாற்றம் கொஞ்சம் குறைந்தது. இழுவை கூடவில்லை. ஆனாலும் பெரிய டயர் போட்டிருக்கிற யாரும் வேறு எதற்கும் பணம் எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

சுரங்க ஏற்றத்தின் கணக்கு

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்ட்). ஐசன்ஹோவர் சுரங்கத்தின் உயரத்தில் அது 9.7-ஐ ஒட்டி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. காற்று குறைந்தால் எரிக்கிற பெட்ரோலும் குறையும். 202 குதிரைத்திறன் இன்ஜின் அங்கே 135-தான் தரும். டார்க்கும் 321-லிருந்து 215-ஆக இறங்கிவிடும்.

இனி தேவையைப் பார்ப்போம். 2,450 கிலோ வண்டி, 6 சதவீத ஏற்றம், மணிக்கு 105 கிலோமீட்டர். எடையைத் தூக்க 56 குதிரைத்திறன். கூரைக் கூடாரத்தோடு காற்றைக் கிழிக்க 25. முரட்டு டயர்கள் உருள 17. சக்கரத்தில் 98 வேண்டும் என்றால், ஆட்டோமேட்டிக் பெட்டியிலும் ஆக்சில்களிலும் போகிற இழப்பைச் சேர்த்து இன்ஜினிலிருந்து 120 வரவேண்டும்.

இருப்பது 135, தேவை 120. அப்படியானால் ஏன் ஏறவில்லை? அந்த 135 கிடைப்பது 5,000 ஆர்பிஎம் பக்கத்தில். 35 இஞ்ச் டயர், 3.73 விகிதத்தில் 105 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் இன்ஜின் சுற்றுவது சுமார் 2,330. அங்கே கிடைப்பது 70 குதிரைத்திறன், அதுவும் தாராளமாகக் கணக்கிட்டால். இரண்டாவதுக்கு இறங்கினால் 3,655 சுற்று, 110 குதிரைத்திறன். அப்போதும் பத்து குறைகிறது. முதல் கியருக்குப் போக வழியே இல்லை. இன்ஜின் 6,600 சுற்ற வேண்டியிருக்கும். ஆக, இன்ஜினிடம் போதுமான சக்தி இருந்தும் அது இருக்கிற இடத்துக்கு இன்ஜினைப் போக விடாமல் டயரும் கிரவுன் பினியனும் சேர்ந்து தடுத்தன. அன்று முள் 90-இல் போய் நின்றதற்குக் காரணம் அந்தப் பத்துதான்.

(டயரை அதன் மேல் அச்சிட்டிருக்கும் 35 இஞ்ச் என்றே எடுத்துக்கொண்டேன். எடை ஏறியதும் கொஞ்சம் அமுங்கும், சுற்று சிறிது கூடும். முடிவு மாறாது.)

மூன்று வழிகள்

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினே பெல்ட் வழியாகச் சுற்றும் காற்று அமுக்கி. இந்த 3.8 இன்ஜினுக்கு ஸ்பிரின்டெக்ஸ் கிட்டும் உண்டு, ரிப் கிட்டும் உண்டு. முதலாவது இரட்டைத் திருகு வகை, சுற்று குறைவாக இருக்கும்போதே காற்றைத் தள்ளும். இரண்டாவது மையவிலக்கு வகை, சுற்று ஏற ஏறத்தான் பலம் காட்டும். பாறையில் மெல்ல ஊர்ந்து ஏறுகிறவருக்கு முதல் வகைதான் பொருந்தும். கடை விளம்பரத்தில் இரண்டும் ‘சூப்பர்சார்ஜர்’ என்ற ஒரே பெயரில் வருவதால் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாமலே போகிறது.

6 பிஎஸ்ஐ பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம்) என்று விற்கப்படும் கிட், கடல்மட்டத்தில் 14.7-ஐ 20.7 ஆக்குகிறது. அது 1.41 மடங்கு. பெல்ட்டில் ஓடும் அமுக்கி இந்த மடங்கைத்தான் ஏறக்குறைய காப்பாற்றும், 6 என்ற எண்ணை அல்ல. சுரங்க உயரத்தில் அதே கிட் 9.7-ஐ 13.6 ஆக்கும், கேஜில் தெரியும் பூஸ்ட் 4-தான். மலையில் அது இன்ஜினைக் கடல்மட்டத்து நிலைக்குக் கிட்டத்தட்ட திரும்பக் கொண்டுவரும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆனால் மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கிற இன்ஜினுக்கு அதுவே பெரிய விஷயம்.

உயரத்தில் டர்போ இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. வெளியேறும் புகையால் சுற்றுவதால், காற்று மெலிந்தால் இன்னும் வேகமாகச் சுற்றி, வேஸ்ட்கேட் என்ற கட்டுப்பாட்டு வால்வு அனுமதிக்கிற பூஸ்ட்டை எட்டிவிடும். நான்காகச் சுருங்காமல் ஆறு ஆறாகவே நிற்கும். ஐ-70 ஏற்றம் ஒன்றுதான் பிரச்சினை என்றால் நான் டர்போவைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நண்பர் இந்த வண்டியை வாங்கியது நெடுஞ்சாலைக்காக அல்ல. யூரே, டெலுரைடு என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையே 13,114 அடியில் கிடக்கும் இமோஜீன் கணவாய்க்காக; சில்வர்டன் பக்கத்து மலைத்தடங்களுக்காக. அங்கே மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் ஊர்கிறோம், இன்ஜின் 1,200 சுற்றில் முனகுகிறது. அந்தச் சுற்றில் டர்போவைச் சுழற்றப் போதுமான புகை இல்லை. பாறை விளிம்பில் காலை அழுத்தி ஒரு நொடி ஒன்றும் நடக்காமல், அப்புறம் திடீரென்று இழுவை வந்தால் டயர் வழுக்கும், அல்லது வண்டி எகிறும். வெப்பமும் சேர்ந்துகொள்ளும். காற்றோட்டம் இல்லாத ஊர்தலில் சிவக்கச் சூடேறுகிற ஓர் இரும்பை, நெருக்கடியான பானெட்டுக்குள் வயர்கள் பக்கத்தில் வைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டே குளிர்ந்த ஓடையிலும் இறங்க வேண்டும். டர்போவை அங்கேயே விட்டுவிட்டோம்.

மிச்சம் இருந்தது கியர் விகிதம். சக்கரத்துக்குப் பக்கத்தில், ஆக்சிலுக்குள் இருக்கிற கிரவுன் பினியனை மாற்றுவது. 3.73 என்றால் கிரவுனில் 41 பல், பினியனில் 11. 5.13 என்றால் கிரவுனில் அதே 41, பினியனில் 8. மூன்று பல்தான் குறைகிறது. ஆனால் எந்தச் சுற்றில் கேட்டாலும், எந்த உயரத்தில் கேட்டாலும் சக்கரத்தில் 37 சதவீதம் கூடுதல் டார்க். அதற்கு ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட அதிகம் எரிக்க வேண்டியதில்லை. வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிறோம்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது

சுரங்க ஏற்றம், 105 கிலோமீட்டர், மூன்றாவது கியர். 5.13 போட்டால் இன்ஜின் 3,200 சுற்றும், 97 குதிரைத்திறன் தரும். கியரைத் தொடாமல் சூப்பர்சார்ஜர் போட்டால், வெப்ப இழப்பும் பெல்ட் தின்னும் சக்தியும் போக 35 சதவீதம் கூடும் என்று வைத்தாலும், அதே 2,330 சுற்றில் 95. இரண்டும் ஒன்றுதான்! 2018-இல் நாங்கள் விசாரித்தபோது இரண்டு ஆக்சிலுக்கும் கியர் மாற்ற 2,000 டாலரை ஒட்டிக் கேட்டார்கள். சூப்பர்சார்ஜர் கிட்டும் கூலியும் சேர்ந்தால் 7,000-ஐத் தாண்டியது. நண்பர் அந்தத் தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது கியரில் கதை மாறுகிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 5.13-உடன் 5,000 சுற்று, 135 குதிரைத்திறன்: தேவையான 120-ஐத் தாண்டிவிடும், ஆனால் இன்ஜின் கத்தும். சூப்பர்சார்ஜருடன் 3,655 சுற்றிலேயே 149. நெடுஞ்சாலை ஏற்றத்தில் பூஸ்ட்தான் வசதி. கியர் மாற்றினால் 135 என்ற உச்சவரம்பு ஓர் அங்குலம்கூட உயராது.

என் மனதை முடிவு செய்ய வைத்தது ஏற்றம் அல்ல, இறக்கம். லோ ரேஞ்ச், முதல் கியர், 3.73: மொத்தக் குறைப்பு 28.8. இன்ஜின் 1,000 சுற்றினால் வண்டி மணிக்கு 5.8 கிலோமீட்டர் போகும். 5.13 போட்டால் மொத்தக் குறைப்பு 39.6, வேகம் 4.2. இமோஜீனிலிருந்து இறங்குகிற ஒற்றைத் தடத்தில், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை என்கிற இடத்தில், வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டும், பிரேக் அல்ல. 35 இஞ்ச் டயரை நிறுத்துவதில் பிரேக் ஏற்கெனவே திணறுகிறது. தொடர்ந்து மிதித்தால் சூடேறிக் கைவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்த பிறகு சூப்பர்சார்ஜரும் டர்போவும் எதற்கும் உதவாது. கியர் விகிதம் ஏறும்போது தள்ளும், இறங்கும்போது பிடிக்கும்.

கியர்பாக்ஸின் பலமும் ஒரு காரணம். 42ஆர்எல்இ என்ற பெயரில் 4 என்பது கியர்களின் எண்ணிக்கை, அடுத்த 2 என்பது டார்க் தாங்கும் தரம். கீழ்ப்படித் தரம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் தலையில் இன்னும் 35 சதவீதம் டார்க்கைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. கியர் விகிதம் மாற்றினால் அந்தப் பெட்டியின் பாரம் குறையும். பெருக்கல் அதைத் தாண்டி ஆக்சிலில்தான் நடக்கிறது. பெட்ரோலும் யோசிக்க வேண்டியதே. கொலராடோவில் சாதாரண பெட்ரோல் 85 ஆக்டேன்தான் (நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் தரம்), 9.6 அமுக்க விகிதமுள்ள இன்ஜினில் பூஸ்ட் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் 91 தான் நிரப்ப வேண்டும்.

4.88 அல்லது 5.13

35 இஞ்ச் டயருக்குப் பழைய நிலையை மட்டும் மீட்க வேண்டுமானால் 4.10 போதும். ஆனால் எடை கூடியிருக்கிறது, உயரமும் இருக்கிறது. அதைவிட முக்கியம் நான்காவது கியரின் 0.69. இன்ஜினை மெதுவாகச் சுற்றவிட்டு வேகமாகப் போவதற்கான, மிக நீண்ட ஓவர்டிரைவ் அது. 3.73-உடன் 105 கிலோமீட்டரில் இன்ஜின் 1,600 சுற்றில் படுத்துக் கிடந்தது. சமதளத்தில் எதிர்காற்று அடித்தால்கூட மூன்றாவதுக்கு இறங்கிவிடும். 4.88 போட்டால் 2,100, 5.13 போட்டால் 2,200.

டேனா 30 போன்ற சிறிய முன் ஆக்சிலுக்கு 5.13 ஆகாது, பினியன் மெலிந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. மெலியும், உண்மைதான். ஆனால் 4.88-இலும் பினியனுக்கு எட்டுப் பல்தான், கிரவுனில் 39. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. முன் ஆக்சில் உடைவது பெரும்பாலும் டயர் பாறையில் சிக்கியிருக்கும்போது ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஆக்சிலேட்டரை மிதிப்பதால். நண்பர் நிதானமாக ஓட்டுகிறவர். 5.13 என்று முடிவு செய்தோம். ஐந்து கியர் பெட்டியும் 285 குதிரைத்திறன் இன்ஜினும் உள்ள 2012-க்குப் பிந்தைய ரேங்ளராக இருந்திருந்தால் 4.88-லேயே நின்றிருப்பேன், அந்த வண்டிக்குச் சுரங்க ஏற்றக் கணக்கே வேறு.

முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், இரண்டு ஆக்சிலும் ஒன்றை ஒன்று இழுத்து ஏதாவது உடையும்.

வேலையும் கோளாறும்

கிரவுன் பினியன் மாற்றுவது போல்ட் கழற்றி மாட்டுகிற வேலை அல்ல. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும், அதன் பேரிங் எவ்வளவு இறுக்கம், கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி, எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, அளந்து, கழற்றி, மறுபடி மாட்டிச் சரிசெய்ய வேண்டும். பேக்லாஷ் ஓர் இஞ்சை ஆயிரமாகப் பிரித்ததில் 6 முதல் 10 பாகத்துக்குள் நிற்க வேண்டும். பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றினால், பல் எங்கே தொடுகிறது என்ற தடம் தெரியும். அது நடுவில் விழ வேண்டும்.

வேலையை ஒரு பட்டறையில் கொடுத்தோம். இரண்டு நாளில் வண்டி வந்தது. முதல் 25 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, முழுதாக ஆற விட்டு, மறுபடி ஓட்டி என்று புதுப் பல் பழகுவதற்கான முறைப்படிதான் செய்தோம். மூன்றாம் நாள் 90 கிலோமீட்டரில் காலை எடுத்தால் பின்னாலிருந்து ஓர் ஊளைச் சத்தம். அழுத்தினால் இல்லை, விட்டால் மட்டும். “பழகினா போயிடும்” என்றார்கள் பட்டறையில். சரியாக அமைத்த கியர் முதல் நாளிலிருந்தே அமைதியாக இருக்கும். ஊளை பழகிப் போவதில்லை, தேய்ந்துதான் போகும். பின் மூடியைக் கழற்றி டயல் கேஜ் (நுண்ணிய அளவு காட்டும் கருவி) வைத்தோம். பேக்லாஷ் 13. பசைத் தடம் பல்லின் ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. போட்டோ எடுத்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் பிரித்துத் திரும்ப அமைத்துக் கொடுத்தார்கள், சத்தம் போனது. கியர் மாற்றக் கொடுக்கிறவர்கள், மூடியைப் போடுவதற்கு முன் பசைத் தடத்தையும் பேக்லாஷ் அளவையும் போட்டோவாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுக்கு அது முன்னாலேயே தோன்றவில்லை.

800 கிலோமீட்டரில் ஆக்சில் ஆயிலை வடித்தோம். காந்தத்தில் நைசான இரும்புப் பொடி ஒட்டியிருந்தது, சில்லு எதுவும் இல்லை.

பிறகு

ஊருக்குள் ஓட்டும்போதே வித்தியாசம் தெரிந்தது. சிக்னலில் கிளம்பும்போது கனம் போன மாதிரி இருந்தது. நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் நிலையாக நின்றது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்காமல் லாக் ஆகிக் கிடப்பதால் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பம் ஏற்றங்களில் முன்போல ஏறவில்லை. மைலேஜில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

அடுத்த கோடையில் இமோஜீன் போனோம். இறக்கத்தில் நண்பர் பிரேக்கைத் தொடவே தேவையில்லாத நீண்ட பகுதிகள் இருந்தன. போன வருடம் அதே இடங்களில் கால் நடுங்க மிதித்துக்கொண்டே வந்தவர், இம்முறை ஜன்னலுக்கு வெளியே பூக்களைக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தார்.

ஐ-70 ஏற்றத்தில் இப்போது 105 நிற்கிறது, ஆனால் இரண்டாவது கியரில், 5,000 சுற்றில், உள்ளே பேச முடியாத சத்தத்தோடு. பொறுமையாக மூன்றாவதில் விட்டால் 95-இல் ஏறுகிறது. கணக்கு சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஏற்றத்துக்கு மட்டும் சூப்பர்சார்ஜர் ஆசை நண்பருக்கு இன்னும் போகவில்லை, அது தப்பும் இல்லை. விகிதம் சரியாகிவிட்ட வண்டியில் பூஸ்ட் போட்டால் அது முழுப் பலனையும் தரும். அதற்கு முன் ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் சரியாகத் தங்குகிறதா என்று, எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். லட்சம் மைல் தாண்டிய இன்ஜின் அது.

ஒரு வருத்தம் எனக்கே உண்டு. ஆக்சிலைப் பிரித்துப் போட்டிருந்த அன்றே பின்னால் ஒரு லாக்கர் (இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிச் சுற்ற வைப்பது) வைத்திருக்க வேண்டும், கூலி மிச்சமாகியிருக்கும். பணத்தை இழுத்துப் பிடித்து வேண்டாம் என்று சொன்னது நான்தான். இமோஜீன் போய்வந்த மாதமே நண்பர் லாக்கர் வாங்கினார். அதே மூடி, அதே ஷிம், அதே மஞ்சள் பசை, இரண்டாவது கூலி. இந்த முறை டயல் கேஜைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன். பேக்லாஷ் 8-இல் நின்றது.